குடிநோயாளிகளுக்கு மூன்று நாள் உபவாச முகாம்: எங்கள் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

சேகரச் செயலர்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஈரோடு பக்கம் ஒரு சேகரம். சுமார் 180 குடும்பங்கள். ஆலயத்தைச் சுற்றி விசைத்தறி, சாயப்பட்டறை, கட்டட வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்புகள். குடியால் சிதைந்த வீடுகள் சபைக்குள்ளும் உண்டு. வெளியே அதைவிட அதிகம். இதுவரை சபை செய்ததெல்லாம் கடையை மாற்றச் சொல்லி மனு கொடுத்ததும், வருடத்தில் ஒரு ஞாயிறு மதுவுக்கு எதிராகப் பிரசங்கம் வைத்ததும்தான். குடிக்கிறவர் ஒருவரும் அதனால் ஆலய வாசலை மிதிக்கவில்லை.

இப்போது கமிட்டி ஒரு திட்டம் போட்டிருக்கிறது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை ஆலய ஹாலில் 20 பேரைத் தங்கவைத்து உபவாச ஜெபம். வரும்போதே மதுவை விட்டுவிட வேண்டும், பீடி சிகரெட்டும் கூடாது. ஞாயிறு மாலை ஆராதனையில் அவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்லி, இனித் தொடமாட்டோம் என்று பொருத்தனை செய்வார்கள். பிற மதத்தவரும் வரலாம்.

இதுபோக, ஏ.ஏ. குழு ஒன்று (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டம்) வாரம் ஒருமுறை ஹாலைக் கேட்கிறது. இயேசுவின் பெயரைச் சொல்லாத கூட்டத்துக்கு ஆலய இடமா என்று கமிட்டியில் பாதிப்பேர் மறுக்கிறார்கள். திருவிருந்தில் திராட்சரசம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

இரவுப்பணி சிஸ்டர்

செயலர் ஐயா, ஏ.ஏ. விஷயமும் திராட்சரசமும் பிறகு. முதலில் அந்த முகாமை நிறுத்துங்கள். திட்டம் இப்படியே நடந்தால் ஹாலில் உயிர்ச்சேதம் வர வாய்ப்பிருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

மது மூளையை அமுக்கும் பொருள். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அந்த அமுக்கத்துக்கு ஈடுகொடுத்து எப்போதும் முடுக்கத்திலேயே ஓடப் பழகிவிடுகிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அமுக்கம் போய்விடும், முடுக்கம் அப்படியே நிற்கும். நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

உங்கள் முகாமோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் வெள்ளி மதியம் 12 மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். 6 முதல் 12 மணி நேரத்துக்குள், அதாவது வெள்ளி மாலையிலிருந்து நள்ளிரவுக்குள், கைநடுக்கம், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வரக்கூடிய நேரம் 6 முதல் 48 மணி வரை: வெள்ளி மாலை தொட்டு ஞாயிறு மதியம் வரை. எல்லாவற்றிலும் ஆபத்தான டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் மனக்குழப்ப நிலை பெரும்பாலும் 48 முதல் 96 மணிக்குள் வரும்: ஞாயிறு மதியம் முதல் செவ்வாய் மதியம் வரை. நீங்கள் மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்து வீட்டுக்கு அனுப்புகிற நேரமும் அது தொடங்குகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது.

எல்லாருக்கும் இது வராது. யாருக்கு வரும் என்று ஹாலில் உட்கார்ந்து கணிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அடுத்தது உபவாசம். நாள்பட்டுக் குடிப்பவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் சேராது. அந்த நிலையில் பட்டினி போட்டால், கண் ஒருபக்கம் அலைவது, நடை தள்ளாடுவது, புத்தி தடுமாறுவது என்று வெர்னிக்கி என்ற மூளைபாதிப்பு வரலாம். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். இதில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஆள் துவண்டதும் பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுவார்கள். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மீதியிருக்கிற கொஞ்ச தயமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். ஆகவே குடிநோயாளியை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் முதல் வார்த்தையாக, "இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள்.

சபையார் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டெலிரியத்தில் இருப்பவர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், பாம்பைக் காண்பார், இல்லாத ஆளோடு பேசுவார், கத்துவார், பிடிக்க வந்தவரை அடிப்பார். ஆலயத்தில் இது நடந்தால் பிசாசு என்று சொல்லி நாலுபேர் அமுக்கிப் பிடித்துத் துரத்தத் தொடங்குவார்கள். அமுக்கிப் பிடிக்கப் பிடிக்க இதயத்துடிப்பு ஏறும், உடல் சூடு ஏறும். அன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறி, உடம்பு வியர்த்து, கை நடுங்கி, மதுவை விட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால் அது மருத்துவ அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விளக்கு எரியட்டும், கூட்டம் கலையட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் நிதானமாகப் பேசட்டும். ஜெபிக்கிறவர்கள் பக்கத்து அறையிலிருந்து ஜெபிக்கலாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டு. கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், முழு நினைவு வரும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முகாமுக்குப் பதிலாக மருத்துவமனை வரை கூடவே போகிற குழு ஒன்றை ஏற்படுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி நேரம் காலையில். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை இவற்றை எடுத்துக்கொண்டு இரண்டுபேர் கூடப் போக வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் நோயாளியோடு இருக்க. வரிசையில் இரண்டு மணி நேரம் ஆகும்போதுதான் நடுக்கம் தாங்காமல் எழுந்து போய்விடுவார்கள், அதனால் சொல்கிறேன். சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இடம் உறுதியாகும் வரை "இன்றைக்கே நிறுத்து" என்று ஆளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சபைக்கு இது கேட்கவே சங்கடமாக இருக்கும், தெரியும்.

காலையில் எழுந்ததும் நடுக்கம் அடங்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா? மாயத்தோற்றம் கண்டாரா? கல்லீரல், இதயம், சர்க்கரை நோய் உண்டா? வயது 60-ஐத் தாண்டியவரா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வீட்டில் வைத்து நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

எங்கே போவது என்று வழி கேட்க 14446. போதை மறுவாழ்வுக்கான தேசியக் கட்டணமில்லா எண். மனநல ஆலோசனைக்கு 14416.

விடுதலை ஊழியம்

சிஸ்டர் சொன்ன மருத்துவ விஷயத்தை மறுக்கவில்லை. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஜெபத்தை ஓரம் கட்டிவிடுகிறோம். ஒரே இரவில் குடியை விட்டவர்கள் எத்தனையோ சபைகளில் இருக்கிறார்கள். கர்த்தர் விடுவித்தவனை மாத்திரைக்கு அடிமையாக்குவானேன்? மருந்துதான் வழி என்றால் ஆலயம் எதற்கு?

இரவுப்பணி சிஸ்டர்

பிரதர், ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டையும் மருந்தையும் நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஜெபிக்கிறவர்கள் உபவாசம் இருக்கட்டும், நோயாளி சாப்பிடட்டும். லூக்கா 10-ல் சமாரியன் காயத்தைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அந்த ஊழியத்தில் பாதி போக்குவரத்தும் கட்டணமும்தான்.

ஒரே இரவில் விட்டவர்கள் உண்டு, மெய்தான். மது உடம்பைப் பிடிக்காத நிலையில் இருந்தவர்களுக்கும், வலிப்பு வராமல் தப்பியவர்களுக்கும் அது முடிந்தது. மேடையில் நின்று சாட்சி சொல்ல அவர்கள்தான் வருவார்கள். மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வுக்குப் போனவர் சாட்சி சொல்ல வருவதில்லை. அதனால் நமக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது.

மாத்திரைக்கு அடிமை என்பதற்கும் பதில் சொல்கிறேன். நடுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்து நாள் கணக்கில் குறைத்து நிறுத்தப்படுவது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானாகத் தின்றால்தான் அது இன்னொரு அடிமைத்தனமாகும். பிரதரின் பயத்தில் நியாயம் இருப்பது அந்த இடத்தில்தான்.

வட்ட நாற்காலி

ஏ.ஏ.வுக்கு ஹால் கொடுப்பதைப் பற்றி.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில், பாப் என்ற இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் தொடங்கியது. இரண்டுபேரும் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்பிலிருந்தவர்கள். நியூயார்க் கால்வரி ஆலயத்தின் குருவாக இருந்த சாமுவேல் ஷூமேக்கரிடமிருந்து பெற்றதை பில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பாவ அறிக்கை, தீங்கு செய்தவரிடம் ஈடுசெய்வது, பிறருக்கு உதவுவது என்று, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளில் பாதி உங்கள் கமிட்டியாருக்குப் பழகிய சரக்குதான். "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று பொதுவாக விட்டது, எந்த மதத்தவரும் மதமே இல்லாதவரும் உட்காரவேண்டும் என்பதற்காக. ஆகவே அது சபையின் கூட்டமும் இல்லை, சபைக்குப் போட்டியும் இல்லை. சபை இடம் தருகிறது, அவ்வளவுதான்.

இடம் தருவதிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு.

வாடகை வாங்குங்கள். ஏ.ஏ. குழுக்களுக்கென்று உள்ள நெறிகளில் ஏழாவது மரபுப்படி அவர்கள் வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை; தொப்பி சுற்றி உறுப்பினர்கள் போடும் காசில்தான் நடத்துகிறார்கள். இலவசமாகத் தருகிறோம் என்று தாராளம் காட்டினால் அவர்களுக்குத் தர்மசங்கடம். மின்கட்டணத்தையும் கூட்டிப்பெருக்குவதையும் ஈடுகட்டும் அளவுக்கு ஒரு சிறு தொகை வைத்து ரசீது கொடுங்கள்.

வாசலில் வருகைப் பதிவேடு வைக்காதீர்கள். காவலாளி "பேர், ஊர், போன் நம்பர்" என்று நோட்டை நீட்டினால் புதிதாக வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஹாலுக்குள் கேமரா இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் அணைக்க வேண்டும். படம் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் "இன்று நம் ஆலயத்தில் நடந்த ஊழியம்" என்று யாராவது போட்டுவிட்டால் அதோடு அந்தக் குழு போச்சு. ஆயர் ஐயா ஆர்வத்தில் எட்டிப்பார்த்து ஜெபத்தோடு தொடங்கிவைக்கிறேன் என்பதும் அதே கணக்கில்தான் சேரும். திறந்த கூட்டம் என்று அவர்கள் அழைக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் போகலாம். மூடிய கூட்டத்துக்குக் குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர் தவிர மற்றவருக்கு இடமில்லை, ஆயருக்கும் இல்லை.

கிழமையும் நேரமும் முக்கியம். உங்கள் பக்கம் தறிக்கும் கட்டட வேலைக்கும் சனிக்கிழமை கூலி கிடைக்கும் என்றால், கையில் காசோடு கடைக்குப் போகிற நேரம் சனி மாலை. டாஸ்மாக் பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்குச் சாத்துகிறது. சனி மாலை 6.30 முதல் 8 வரை கூட்டம் வைத்து, அதன்பின் தேநீரோடு ஒரு அரை மணி பேசிக்கொண்டிருந்தால் பெரிய கண்டத்தைத் தாண்டிவிடலாம். அந்த நேரத்தில் பாடகர் குழு ஒத்திகை இருந்தால் ஒத்திகையை மாற்றுங்கள், கூட்டத்தை மாற்றாதீர்கள். 20 பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாக. மேடையும் மைக்கும் வேண்டாம். கழிப்பறை சாவி வெளியே தொங்கட்டும். தெருவிலிருந்து நேராக ஹாலுக்கு வர ஒரு பக்கவாசல் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். முதல்நாள் வருகிறவருக்கு ஆலய முகப்பைத் தாண்டி நடப்பதே பெரிய தூரம்.

சாட்சி விஷயத்தில் ஒரு கடுமையான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் மேடையில் பொருத்தனை செய்தவர் இருபதாம் நாள் குடித்துவிட்டால் திரும்ப ஆலயத்துக்கு வரமாட்டார். குடியைவிட அந்த வெட்கம் அவரைத் தூரமாய்க் கொண்டுபோகும். நாள்பட்ட குடிநோயில் மறுபடி விழுவது சாதாரணம். அது நோயின் போக்கு. ஒரு வருடம் தெளிவாக இருந்தவராகத் தானே முன்வந்து கேட்டால் பேசட்டும். அதுவரை மைக்கை நீட்ட வேண்டாம். பொருத்தனையை "இனி என்றைக்கும்" என்று வாங்காமல், "இன்று ஒருநாள்" என்று சொல்லப் பழக்குங்கள்.

மாதர் சங்கம்

இதுவரை பேசியதெல்லாம் ஆண்களைப் பற்றி. வீட்டில் இருப்பவளைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

குடிக்கிறவர் ஆலயத்துக்கு வர ஆறு மாதம் ஆகலாம். அவர் மனைவி ஏற்கெனவே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமிருந்து தொடங்கலாம். ஆனால் அவளிடம் சங்கத்து அக்காமார் வழக்கமாகச் சொல்கிற இரண்டு வாக்கியங்களை முதலில் விட வேண்டும். "நீ இன்னும் முழங்காலில் நின்றால் அவர் திருந்துவார்" என்பது ஒன்று. இதைக் கேட்டவள், அவன் குடிப்பது தன் ஜெபக்குறைவால் என்று நம்பிவிடுகிறாள். "பொறுத்துக்கொள்ளம்மா" என்பது மற்றது. அடி விழுகிற வீட்டுக்கு அந்தப் புத்திமதி சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது.

அடி உதை உண்டு என்று தெரிந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் வேறு பெயரில் பதிந்து கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், இரண்டு செட் துணி, பஸ்ஸுக்குக் கொஞ்சம் பணம் இவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒரு வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவு 11 மணிக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதை இரண்டு குடும்பங்களோடு முன்கூட்டியே பேசிவையுங்கள். ஆயர் வீடு மட்டும் போதாது, ஐயா ஊரில் இல்லாத நாள் இருக்கும்.

அடுத்தது பொடி. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரொட்டியிலும் போனிலும் விளம்பரம் வருகிறது. அப்படி விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர், குடியை விட மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையையே வாங்கி நுணுக்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். அது மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். மருத்துவர் சோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதத்தோடு கொடுக்கும்போதுதான் அது மருந்து. மனைவியின் தவிப்பு புரிகிறது. ஆனாலும் தெரியாமல் கொடுப்பது கூடாது.

வீட்டுக்குப் பண உதவி கையில் பணமாக வேண்டாம். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டுங்கள், மளிகையைப் பொருளாக வாங்கிக் கொடுங்கள். கடன்காரருக்குச் சபை ஜாமீன் நிற்க வேண்டாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் உண்டு. ஏ.ஏ. குழுவிடம் கேட்டால் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள்.

பீடத்துப் பூக்கள்

திருவிருந்து பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புளித்த ஒயினைப் பயன்படுத்தும் சபையாக இருந்தால் மாற்றுவதே நல்லது. ஒரு வாய் தானே என்று நினைக்கலாம். குடியை விட்டவருக்கு அந்த மணமும் நாவில் படுகிற சுவையுமே பழைய ஆசையைக் கிளப்பிவிடும். டைசல்ஃபிரம் எடுப்பவருக்கு மிகக் குறைந்த அளவுகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்பத்தைத் தோய்த்துக் கொடுப்பதும் இதில் அடங்கும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்தப் பாதிப்பு வரலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

திராட்சைச் சாறு என்று சொல்லிக்கொண்டு சாராயம் கலந்ததைக் கொடுக்கிற தவறு அறியாமல் நடக்கிறது. வீட்டில் பிழிந்து வியாழக்கிழமையே பாட்டிலில் அடைத்து, பிரிட்ஜில் வைக்காமல் விட்டால், நம் ஊர் வெயிலுக்கு ஞாயிற்றுக்குள் அது நுரைக்கத் தொடங்கிவிடும். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, அது சர்க்கரையை மதுவாக்கும். சரியான முறை: ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, தோல் வெடித்த பிறகும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மசித்து வெள்ளைத்துணியில் வடிகட்டி, மறுபடி ஒரு கொதி. வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடி, ஆறியதும் பிரிட்ஜுக்குள். சனிக்கிழமை செய்தால் போதும். போன மாத மீதியோடு கலக்கக்கூடாது, அந்த மீதிதான் புதியதையும் புளிக்கவைக்கும். திறக்கும்போது 'புஸ்' என்ற சத்தமோ, காற்றுக்குமிழோ இருந்தால் கொட்டிவிடுங்கள். புளிக்காத சாற்றைத் திருவிருந்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் ஒன்றும் புதிதில்லை. 1869-ல் அமெரிக்க மெதடிஸ்ட் பல்மருத்துவர் தாமஸ் வெல்ச், சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்தது இதற்காகத்தான்.

கத்தோலிக்க ஆலயங்களில் இப்படி மாற்ற முடியாது, திருப்பலிக்குத் திராட்சை மதுதான் வேண்டும். ஆனால் அப்பத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணையே. விசுவாசிகளுக்கு அங்கே சிக்கல் இல்லை. குடிநோயுள்ள குருவானவர், புளிப்பு தொடங்கியதும் நிறுத்தப்பட்ட சாறான 'மஸ்ட்' பயன்படுத்தத் தன் மறைமாவட்ட ஆயரிடம் (பிஷப்) அனுமதி கேட்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தட்டு" என்று தனித்தட்டு வைத்து அறிவிப்பது. மாற்றினால் எல்லாருக்கும் ஒன்றாக மாற்றுங்கள்.

சேகரச் செயலர்

எல்லாருக்கும் நன்றி. முகாமைக் கைவிடச் சொல்லி ஆயரிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். பதிலாக நான்குபேர் கொண்ட குழு ஒன்றை அமைக்கிறோம். இரண்டு சந்தேகம் மிச்சம். ஞாயிறு ஆராதனைக்கு ஒருவர் குடித்துவிட்டே வந்தால் என்ன செய்வது? பிற மதத்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஜெபிக்கலாமா? இன்னொன்று, ஆலய வளாகத்திலேயே மறுவாழ்வு இல்லம் தொடங்கலாம் என்று ஒரு நன்கொடையாளர் சொல்கிறார்.

இரவுப்பணி சிஸ்டர்

இல்லம் பற்றி முதலில். மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவில்லாமல் ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை என்று நடத்த முடியாது. பூட்டிவைப்பதும் கட்டிவைப்பதும் குற்றம். மருத்துவர், செவிலியர், இரவுப்பணி ஆட்கள் என்று நிரந்தரச் செலவு உண்டு. நன்கொடையாளரின் பணத்தைப் போக்குவரத்து, மருந்து, நோயாளி படுக்கையில் இருக்கும் நாட்களில் வீட்டுக்கு அரிசி பருப்பு என்று ஒதுக்கினால் பல குடும்பங்களைத் தாங்கலாம்.

இல்லம்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே செய்கிறவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980 முதல் இந்த வேலையைச் செய்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தார் நோயாளியோடு தங்குவது நெடுநாள் வழக்கம். குடும்பத்தைக் கூடவே சேர்த்துக்கொள்ளும் அந்த முறையிலிருந்து சபைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஜெபம் பற்றி: கேட்டுவிட்டு ஜெபியுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்கு ஆலயத்துக்கு வருவதை நிபந்தனையாக்காதீர்கள். நடுக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்த நேரத்தில் வாங்குகிற சம்மதம் அவருக்குச் செய்கிற அநியாயம்.

வட்ட நாற்காலி

குடித்துவிட்டு வந்தால்: வாசலில் நிற்கும் வரவேற்பாளர்களில் இரண்டுபேரை இதற்கென்று பழக்குங்கள். பின்வரிசையில், பக்கக் கதவுக்கு அருகில், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். குடும்பத்தாரைத் தேடிப்போய் எழுப்பி வரவேண்டாம், அந்த வெட்கம் அவர்களுக்கு எதற்கு? சத்தம் போட்டால் தோளைத் தொட்டு, "வாங்கண்ணா, வெளியே காற்றாட உட்காருவோம்" என்று வராந்தாவுக்குக் கூட்டிப் போகலாம். கள்ளச்சாராயம் குடித்தவர் பார்வை மங்குகிறது என்றால் போதை தெளியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மெத்தனாலாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான்.

போதையில் இருப்பவரிடம் புத்தி சொல்வது வீண். அழுவார், சத்தியம் செய்வார், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. திங்கள் காலை 7-லிருந்து 9-க்குள், கடை திறக்குமுன், வீட்டுக்குப் போங்கள். இரண்டுபேர் போதும். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் தெருவே பார்க்கும், பையில் இருக்கட்டும். முதல் நாள் கால் மணி நேரம், ஒரு கேள்வி: "காலையில் கை நடுங்குதா அண்ணா?" வெட்கப்படாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. பதில் 'ஆமாம்' என்றால் அடுத்த வேலை சிஸ்டர் சொன்ன மருத்துவமனைப் பயணம்.

பசி, கோபம், தனிமை, களைப்பு. விட்டவர் மறுபடி விழுவது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில். துஷ்டி வீடும் கல்யாண வீடும் தனி. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் 90 நாள் யாராவது ஒருவர் தினமும் மாலை 6 மணிக்குப் போன் செய்யட்டும். நான்குபேர் என்றால் முறைவைத்துக்கொள்ளலாம்.

மாதர் சங்கம்

கிறிஸ்துமஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் போகிற வீடுகளில் டம்ளரில் வீட்டு ஒயின் ஊற்றிக் கொடுப்பார்கள், ரம்மில் ஊறவைத்த பழத்தில் கேக் போடுவார்கள். நவம்பர் கடைசி ஞாயிற்றிலேயே சங்கத்தில் சொல்லிவிடுங்கள்: இந்த வருடம் பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்போம், ரவுண்ட்ஸுக்குச் சுக்குக் காபி கொடுப்போம். யாருக்காக என்று சொல்ல வேண்டாம். டிசம்பர் 31 ஆராதனை முடிந்து நள்ளிரவுக்குப் பின் அவர்களைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், குழுவில் ஒருவர் வாசல்வரை கூடப் போகட்டும்.